பாடினார்

நவம்பர் 3, திங்கள்

கொற்றங்குடிக்குப் போய்வந்தோம். தைராய்டு அறுவை சிகிச்சையில் குரல் போனதிலிருந்து தையல்நாயகி ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்காவது போனது இன்றுதான். தஞ்சாவூரிலிருந்து வாடகைக் கார். வழி நெடுக நடவு முடிந்த வயல். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஈரக்காற்று தொண்டைக்கு ஆகாது என்று நான் இறக்கவில்லை.

சபாநாத தேசிகர் நினைவில்லத்துக்கு வருஷம் தவறாமல் குருபூசைக்கு வந்திருக்கிறோம். தேசிகர் கீர்த்தனை என்றாலே தையல்நாயகிதான் என்று ஊர் சொல்லும். ஆனால் அந்த வீட்டை நான் நிதானமாகப் பார்த்தது கிடையாது. அவள் மேடையில் இருக்கும்போது நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு பின்னால் நிற்க வேண்டும். இன்று அந்த வேலை இல்லாததால் ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். தேசிகரின் கைத்தடி, பாதக்குறடு, வெற்றிலைப் பெட்டி, ஓலைச்சுவடிகள். நடு அறையில் சுதையில் செய்த தேசிகர், பெரிய விழிகளோடு பாடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் விளக்கேந்தி ஒரு பெண். கீழே ‘தேசிகரின் மனைவி’ என்று எழுதியிருக்கிறது. பெயர் போடவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களின் கதி எக்காலத்திலும் இதுதான்.

கடைசி அறையில் சுவரில் ஒரு பொத்தான். அழுத்தினால் ‘வாசல் வரை வந்தேன், வாவென்று சொல்லாயோ’ ஒலிக்கும். பாடியிருப்பவள் தையல்நாயகி. ஏதோ ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அழுத்துவதும், பாட்டு தொடங்கியதும் சிரிப்பதும், திரும்ப அழுத்துவதுமாக இருந்தார்கள். ஒரு தடவைகூடப் பல்லவி முடியவில்லை. பாடியவள் அங்கேயே நிற்கிறாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நினைவில்லத்தின் செயலாளர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மரியாதைக்காரர். பின்கட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் கூடத்தைத் திறந்து காட்டினார். தை மாதம் குருபூசையன்று திறப்பு விழாவாம். உள்ளே வைக்கப் பொருள் எதுவும் சேரவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு பாட்டு வந்த திசையைக் காட்டி, “அந்தக் குரலு இனி யாருக்கு சார் வரும்? நாம காதால கேட்டோமே, அதே போதும்” என்றார். உடனே தையலைப் பார்த்து, “அம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா சார்” என்றேன்.

தையல் பையிலிருந்து சிலேட்டை எடுத்து எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஆபீஸ் அறையில் வைத்துவிட்டு வந்திருந்தார். “அம்மா என்ன எழுதியிருக்காங்க?”

‘மாசியில் பாடிவிடுவேன்’ என்று எழுதியிருந்தாள்.

“கட்டடம் நல்லாருக்குன்னு சொல்றா” என்றேன். நிறைவேறுமோ என்னவோ தெரியாத விஷயத்தைச் சொல்லி ஒரு நல்ல மனிதரை எதிர்பார்க்க வைக்கக் கூடாது. சிலேட்டை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தேன். திரும்பி வரும் வழியில் அவள் என் பக்கம் பார்க்கவில்லை. களைப்பு.

நவம்பர் 5

மிக்ஸி பழுதுபார்த்து வந்தது. முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். இப்போது சமையல் நான்தான். கச்சேரிக் காலத்திலும் முக்கால்வாசி நான்தான், ஆனால் அதை யாரும் சொன்னதில்லை.

காய் நறுக்கும்போது ‘வாசல் வரை வந்தேன்’ பாடினேன். எனக்கும் சங்கீதம் தெரியாதென்றில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்படியில் நின்று பாடினேன். அவள் எட்டிப் பார்த்து, “சுருதி விலகுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு பதிவுத்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன், ஒரு வரி பாடியதில்லை. இப்போது தினமும் பாடுகிறேன். இன்று தையல் சிலேட்டில் ‘சுருதி’ என்று எழுதிக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கை ஈரமாக இருந்தது. அதாலேயே துடைத்துவிட்டுச் சரணத்தையும் பாடினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

திருச்சி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் பிரிசில்லா. எங்கள் மகள் மங்கையைவிடச் சின்னவளாக இருப்பாள். தையலின் கையில் சிலேட்டைப் பார்த்ததும், “இன்னுமா சார் இது? ரெண்டு வாரம்தான சொன்னோம்” என்றாள். ஜாக்கிரதையாக இருக்கட்டுமென்று நான்தான் நீட்டித்து வைத்திருக்கிறேன் என்றேன்.

“ஜாக்கிரத இல்ல சார் இது. அவங்க பேசணும். காத்தா வந்தாலும் பரவால்ல, பேசணும்.”

பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு அதன் வழியாக ‘ஊ’ என்று ஊதச் சொன்னாள். தண்ணீர் குமிழியிட்டது. குமிழிகளுக்கு நடுவே ஏதோ முனகல் கேட்டது. பிரிசில்லா கைதட்டினாள். அசையாமல் கிடந்த இடப்பக்கக் குரல்நாண் லேசாக அசையத் தொடங்கியிருப்பதாக டாக்டர் குறிப்பு எழுதியிருக்கிறாராம்.

“பழைய மாதிரி வருமா?” என்று கேட்டேன்.

“பழைய மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா வரும். கட்டை கொஞ்சம் இறங்கும். வாராவாரம் கூட்டிட்டு வாங்க.”

தையல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்ததாக நினைவில்லை. குளிர்ந்திருந்தது. வெளியே வந்து இருவரும் டிபன் சாப்பிட்டோம். அவள் ஒரு தோசைக்கு மேல் இன்னொன்று கேட்டாள்.

நவம்பர் 12

வாரம் ஒருமுறை திருச்சி என்பது அவள் உடம்புக்கு ஒத்துவராது.

நவம்பர் 18

அவளுடைய போனை நானே வைத்திருக்கிறேன். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்ல முடியாதவளிடம் போனைக் கொடுத்து என்ன பயன். மங்கை வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் காட்டுகிறேன். அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்கு வசதி.

சென்னையிலிருந்து ஒரு சபாக்காரர் கூப்பிட்டார். மாசி மாதக் கச்சேரிக்கு அம்மாவின் பெயரைப் போட்டு வைக்கலாமா, காத்திருக்கிறோம் என்றார். அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று சொன்னேன். பிறகு, “நீங்க எப்படி சார் இருக்கீங்க?” என்று கேட்டார். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்தவர். என்னைப் பற்றி அவர் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

‘திருச்சி எப்போ?’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள். பிரிசில்லா லீவில் போயிருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

நான் மட்டும் கொற்றங்குடி போனேன். தையலிடம் பென்ஷன் விஷயமாகப் போவதாகச் சொன்னேன். ஓய்வில் இருப்பவளைச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் தொந்தரவு செய்ய வேண்டாம்.

புதுக் கூடத்தில் அவளுடைய தம்புராவையும், தேசிகர் கீர்த்தனை பாடும்போது உடுத்தும் அரக்குப் பட்டையும், விருதுகளையும் வைக்கலாம் என்று சொன்னேன். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. “கொடுப்பாங்களா சார்? அது அவங்க குரு கொடுத்த தம்புராவாச்சே. அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“நான் சொன்னா அவ சொன்ன மாதிரி.”

“அவங்க வாயால ஒரு வார்த்த...” என்று தொடங்கியவர், தவறாகச் சொல்லிவிட்டதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பெரிதுபடுத்தவில்லை.

ஆசாரி வந்து கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கேட்டார். வீட்டிலேயே அளந்து வைத்திருந்தேன். பெட்டிக்கு மேலே வைக்கும் பலகைக்கு வாசகம் வேண்டும் என்றார் மாசிலாமணி. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன், இதை நானே சொல்ல அவர் எழுதிக்கொண்டார். ‘இசைச்செல்வி தையல்நாயகி அவர்கள் சபாநாத தேசிகரின் கீர்த்தனைகளை உலகறியப் பாடினார். அவர் பயன்படுத்திய பொருட்கள். அன்பளிப்பு: கணவர் திரு. கலியமூர்த்தி.’

“‘பாடி வருகிறார்’னு போடலாமா சார்?” என்று கேட்டார்.

“பாடினார்னே இருக்கட்டும். அதுதான் கௌரவமா இருக்கு.”

என் பெயரை எந்த அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டார். அவள் பெயருக்கு எந்த எழுத்தோ அதிலேயே என்றேன்.

டிசம்பர் 5

குளியலறையில் குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று கதவருகே போனேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒரு சுரம் கேட்டது. ஆண்குரல் மாதிரி கனமாக இருந்தது. நடுங்கவில்லை. கொஞ்சம் நின்று, பிறகு அதற்கு மேல் ஒன்றைத் தொட்டது. மூன்றாவதுக்குப் போகும்போது உடைந்தது. திரும்ப முதலிலிருந்து.

நான் கதவைத் தட்டினேன். “தண்ணி மோட்டார் நிக்கப் போவுது.”

வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கேட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்பினாள்போலும். தலை துவட்டிக்கொள், சளி பிடிக்கும் என்றேன்.

டிசம்பர் 6

குளியலறை மாடத்தில் ஒளித்து வைத்திருந்த உறிஞ்சுகுழல்களைக் குப்பையில் போட்டேன். எறும்பு வருகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

மங்கை கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அங்கே கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள், எப்போதும் அவசரத்தில்தான் பேசுவாள். “அம்மாவுக்கு ட்ரீட்மென்ட் எப்படிப்பா போவுது?”

“போக வேண்டிய எடம்லாம் போயாச்சும்மா. இனி வராதுன்னுட்டாங்க. மனசத் தேத்திக்கதான் வேணும்.”

அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். அம்மாவிடம் இதைப் பேசாதே, பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்றும் சொன்னேன். வீடியோவில் காட்டியபோது மங்கை வானிலையையும் மாமியாரின் முழங்கால் வலியையும் பற்றிப் பேசினாள். தையல் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தாள். மங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சரிம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதை அவளும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தையல் போனைப் பார்த்தபடியே இருந்தாள். மகளுக்கு வேலை ஜாஸ்தி என்றேன்.

டிசம்பர் 22

தம்புராவுக்குத் தந்தி மாற்ற வேண்டும், குடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். தானே உறையைத் தைத்துச் சரிசெய்து, தந்திகளைத் தளர்த்தி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதுபோல் வாசல் வரை வந்து காரில் வைத்தாள். டிரைவரிடம் சாய்த்து வைக்காதே என்று கையால் ஜாடை காட்டினாள். ‘தை பிறந்ததும் வந்துடுமா?’ என்று எழுதினாள்.

“குருபூசையன்னிக்கு நீயே பாப்ப” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பட்டுப்புடவையைத் தனியாக ஒரு பையில் வைத்து எடுத்துப்போனேன்.

ஜனவரி 2

பிரிசில்லா போன் செய்தாள். ஏன் இத்தனை வாரமாக வரவில்லை, இந்தச் சமயத்தில் விட்டுவிட்டால் வீணாகிவிடும் என்றாள். கோபமாகப் பேசினாள். வேறு இடத்தில் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 16

நேற்றுப் பொங்கல். இன்று தையல் பீரோவைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு அரக்குப் பட்டைத் தேடினாள். வெளுக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். கிளம்புவதற்குள் வராவிட்டால் என்று எழுதினாள். உன்னை மேடையில் உட்காரவா கூப்பிட்டிருக்கிறார்கள், எந்தப் புடவையாக இருந்தால் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று பிறகு தோன்றியது. கரும்பு வெட்டிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

குருபூசை. விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

நல்ல கூட்டம். நினைவில்ல வாசலில் பந்தல், உள்ளூர் நாகசுரம். மாசிலாமணி எங்கள் இருவருக்கும் மாலை போட்டார். முதல் மாலை எனக்கு. ரிப்பன் வெட்டிப் புதுக் கூடத்தைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் நான் சொன்னபடியே. கண்ணாடிப் பெட்டிக்குள் தம்புரா நேராக நிற்கிறது, விளக்கு வெளிச்சத்தில் குடம் பளபளக்கிறது. பட்டுப்புடவையை ஒரு துணிக்கடைப் பொம்மைக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். அதற்குத் தலை கிடையாது.

தையல் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு பலகையை வாசித்தாள். சின்ன வாசகம்தான், ஆனால் நெடுநேரம் வாசித்தாள். உருகிப்போய் நிற்கிறாள் என்று பக்கத்திலிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். பையைத் துழாவினாள். சிலேட்டைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன், விழாவில் அது பார்க்க நன்றாக இருக்காது. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புகைப்படக்காரர் என்னை அவளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னதால் போய் நின்றேன்.

பிறகு பந்தலில் கூட்டம். என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அவள் முன்வரிசையில். மாசிலாமணி அவளைப் பற்றிப் பேசினார், என்னைப் பற்றியும் பேசினார். பெரிய கலைஞர்களுக்குப் பின்னால் இப்படியொரு தியாகம் இருக்கிறது என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

உட்காரும்போது பார்த்தால் தையல் மேடையேறி வந்துகொண்டிருக்கிறாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து மாசிலாமணி மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். சுருதி இல்லை, பக்கவாத்தியம் இல்லை. கண்ணை மூடி ‘வாசல்’ என்று தொடங்கினாள்.

சத்தம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. அவள் பாட்டை நான் நூற்றுக்கணக்கான மேடைகளில் கேட்டவன். இது அந்தக் குரல் இல்லை. தடித்து, அங்கங்கே பிசிறடித்து, மூச்சு கலந்து வந்தது. ஆனால் சுரம் நின்றது. ‘வரை’ என்ற இடத்தில் கீழே இறங்கி, அங்கேயே நின்று, உடையாமல் திரும்ப மேலே வந்தாள். இதற்குள் எங்கே பழகினாள்? நான் வீட்டிலேயேதான் இருக்கிறேன்.

கணவனாக எனக்கு ஒரு கடமை இருக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டி மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இறங்கிப்போய் அங்கிருந்தவரிடம், “டாக்டர் பேசவே கூடாதுன்னுருக்காரு. ரத்தம் வந்துடும். மைக்க நிறுத்துங்க” என்றேன். அவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். மாசிலாமணி எட்டிப் பார்த்தார். அவரிடமும் அதையே சொன்னேன். “ஐயையோ, என்ன சார் செய்றது இப்ப?” என்றார். கூட்டம் காத்திருந்தது. நான்தான் யோசனை சொன்னேன். பெட்டியில் பழைய பதிவு தயாராக இருந்தது.

ஒலிபெருக்கியில் அவளுடைய பழைய குரல் கிளம்பியது. கணீரென்று, கல்லில் வெட்டின மாதிரி. அவள் கண்ணைத் திறந்தாள். மைக்கைப் பார்த்தாள். நிறுத்தவில்லை, இன்னும் பலமாகப் பாடினாள் என்று நினைக்கிறேன், கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குரல் மேலே போக, இவள் வாய் மட்டும் அசைந்தது. தன் பாட்டுக்குத் தானே வாயசைக்கிறாள் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ எழுந்து நின்று கைதட்ட, பந்தலே எழுந்து நின்றது.

அனுபல்லவியில் அவள் வாயை மூடினாள். பாட்டு மட்டும் முழுவதும் ஓடியது. முடியும் வரை அங்கேயே நின்றாள்.

பந்தியில் பால் பாயசம், அவியல். அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 19

பேப்பரில் வந்துவிட்டது. ‘இழந்த குரலுக்கு உதடசைத்த இசைச்செல்வி, கண்ணீரில் நனைந்த கொற்றங்குடி.’ என் படமும் இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். போனில் அந்த வீடியோ எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறதாம்.

ஜனவரி 21, புதன்

மங்கை சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்து நின்றாள். வீடியோவைப் பார்த்த பிரிசில்லா, ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருந்த எண்ணைத் தேடி மங்கையைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையில்லாத வேலை.

“இனி வராதுன்னு எந்த டாக்டர்ப்பா சொன்னாரு?”

“வந்து ஒக்காரு முதல்ல. காப்பி போடுறேன்.”

“பேரச் சொல்லுங்க. எந்த டாக்டர்?”

“அவ நல்லதுக்குத்தாம்மா. திரும்பப் பாடப்போய் நாலு பேரு சிரிச்சா அவ தாங்குவாளா?”

“யாரு சிரிச்சா? அந்த வீடியோல மொதல்ல அம்மா குரலு கேக்குது. ஒருத்தரு சிரிக்கல. அப்புறம் நீங்க எறங்கிப் போறது தெரியுது. அதுக்கப்புறம் அம்மா குரலு இல்ல.” போனை என் முன்னால் நீட்டினாள். “எங்கிட்டயும் சொல்லிட்டீங்களேப்பா. நான் அம்மா மூஞ்சியவே பாக்காம போன வச்சேன்.”

தையல் ஒரு பையில் நாலு புடவையும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண்களே இப்படித்தான், இரண்டு நாள் மகள் வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். ஆனாலும் சாப்பிடாமல் போகக் கூடாது, சாம்பார் கொதித்துவிட்டது, உட்கார் என்று சொல்லிக்கொண்டே நிலைப்படியில் நின்றேன்.

என் எதிரே வந்து நின்றாள். சிலேட்டு கையில் இல்லை.

“நகருங்க” என்றாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னிடம் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை. ஆண்குரல்போலத்தான் இருக்கிறது. நான் நகர்ந்தேன்.

சாம்பார் மிஞ்சிவிட்டது. இரவுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12

மங்கை போனை எடுப்பதில்லை. தையலுடைய போன் என்னிடமே இருந்தது, மங்கையின் கணவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வரவில்லை.

நான் சௌகரியமாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கொற்றங்குடி போகிறேன். புதுக் கூடத்துக்கு விளக்கம் சொல்ல ஆள் இல்லை, நான் சொல்கிறேன். பயணிகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். அவள் வெந்நீரில் மிளகு எவ்வளவு போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத்தானே தெரியும்.

வீட்டில் பாடிப்பார்த்தேன். கேட்க ஆள் இல்லாதபோது நாட்டம் வருவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாசிலாமணி என்னைத் தனியாக அழைத்து, “அம்மா கோயம்புத்தூர்ல பாடினாங்களாமே சார். ஏதோ கோயில்ல, சின்னக் கச்சேரியாம். கட்டை ரொம்ப எறங்கிருச்சாம், ஆனா கேட்டவங்க எந்திரிக்கவே இல்லையாம்” என்றார். தயங்கிவிட்டு, “தம்புராவக் கேட்டு பொண்ணு ஆளனுப்புது. கமிட்டில வச்சிருக்கோம். அதுவரைக்கும் பலகைய மட்டுமாவது மாத்திடலாமா சார்? ‘பாடினார்’னு இருக்கு.”

சுவரில் அடித்த பலகையைக் கழற்றினால் சுவர் பாழாகிவிடும் என்றேன். இப்போதெல்லாம் அவர் என்னோடு காப்பி குடிக்க உட்காருவதில்லை.

மத்தியானம் சேலத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். பொத்தானை அழுத்தி முழுப் பாட்டையும் நின்றபடியே கேட்டார்கள். பிறகு புதுக் கூடத்துக்கு வந்து, தம்புராவையும் தலையில்லாத பொம்மையின் புடவையையும் பார்த்துவிட்டுப் பலகையை வாசித்தார்கள். அது என் பெயர்தான் என்று சொன்னேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எப்பங்க தவறுனாங்க?”

பலகையில் அப்படி எதுவும் எழுதவில்லை. அவராகப் புரிந்துகொண்டது. வெளியூரிலிருந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

“தை மாசம்” என்றேன்.

“ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?” என்று அவர் மனைவி கேட்டார்.

“இல்லீங்க. பேச்சு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல போயிட்டா.”

“நீங்க கூடவே இருந்தீங்களா?”

“பக்கத்துலயேதான் நின்னேன்.”

அந்த அம்மாள் அழுதுவிட்டார். என்னைத் தனியாக விட மனமில்லாமல் முற்றத்தில் உட்கார வைத்து, கொண்டுவந்திருந்த புளியோதரையை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். தங்கள் காரிலேயே பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார்கள். நல்ல மனிதர்கள். புளியோதரையில் உப்புதான் சற்றுத் தூக்கல்.